பின் டிஸ்க் பிரேக்கில் சத்தமா? பேட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காரின் பின் சக்கரத்தில் சத்தம் என்று சொன்னாலே "பேட் போச்சு, மாத்திடலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். மாற்றினால் சத்தம் நிற்கவும் செய்யும். ஆனால் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். பல நேரங்களில் கோளாறு பேடில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையில், இருப்பதில்லை என்பதுதான் காரணம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதத்தை முன் சக்கரங்களே பார்த்துக்கொள்கின்றன. பின் பிரேக்குக்கு மிச்சம்தான். அது அவ்வளவாகச் சூடாவதில்லை. டிஸ்க்கில் படியும் துருவும் தூசியும் முழுசாகத் தேய்ந்து போவதுமில்லை. அதனால் பின் டிஸ்க் உழைத்துத் தேய்வதைவிட, சும்மா இருந்து கெடுவதே அதிகம். அசைய வேண்டிய பாகம் அசையாமல் இறுகிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மின்சாரக் கார்களிலும் இதே கதைதான். பாதி நேரம் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலையே இருப்பதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ஹோண்டா சிவிக், ஸ்கோடா ஆக்டேவியா போன்ற கார்களில் உள்ள ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்). பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை டிஸ்க்கோடு சேர்த்து இழுக்கும். பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அது பிஸ்டனை மயிரிழை அளவுக்குப் பின்னால் இழுக்கும். பிரேக் விடுபடுவதற்கு இருப்பது இந்த மயிரிழை இடைவெளி மட்டும்தான். கொஞ்சம் துரு இருந்தாலே அது காணாமல் போய்விடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஜாக்கியைத் தொடுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் நீளமான மதில் சுவர் இருக்கும் ஆளில்லாத தெருவில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு 20 கி.மீ. வேகத்தில் போங்கள். சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் இடதா வலதா என்பதும் தெரிந்துவிடும்.

கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் இருந்தால் ஒரு நல்ல சோதனை உண்டு. அதே மெதுவான வேகத்தில், லீவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மிக லேசாக இழுத்து விடுங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். சத்தம் மாறினாலோ நின்றாலோ பின் பிரேக்தான். எந்த மாற்றமும் இல்லாமல், கால் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் மாறினால் முன்பக்கத்தையும் சந்தேகப்பட வேண்டும். சுவிட்ச் வைத்த எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

சத்தத்தின் தாளத்தையும் கவனியுங்கள். சாதாரண கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். அதே தாளத்தில் "சிக்… சிக்… சிக்" என்று வந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று ஓரிடத்தில் உரசுகிறது என்று அர்த்தம்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்

பின் சக்கரம் கையால் சுற்ற வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக்கை எடுத்தாக வேண்டும். வண்டி நகர்ந்துவிடும் ஆபத்து இங்கேதான். சமதளத்தில் நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். முன் சக்கர இழுவை வண்டியானால் முதல் கியரிலோ, ஆட்டோமேட்டிக்கில் "பி"யிலோ போடலாம். பின் சக்கர இழுவை வண்டியில் கியர் போட்டால் நீங்கள் சுற்றிப் பார்க்க வேண்டிய சக்கரமே பூட்டிக்கொள்ளும். நியூட்ரலில் வைத்துக் கட்டையை மட்டும் நம்ப வேண்டியிருக்கும், அதனால் கட்டை நல்லதாக இருக்கட்டும்.

வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கி தூக்க மட்டும்தான்; தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துக் கிளப்பவோ வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைப்பதே சரி.

காலையில் மட்டும் சரசரப்பு

மழைக்கு அல்லது வண்டி கழுவியதற்கு மறுநாள் காலையில் சரசரவென்று வந்து, நாலைந்து தடவை பிரேக் மிதித்ததும் போய்விட்டால் அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. விட்டுவிடுங்கள். முதலில் வண்டியை எடுக்கும்போது "டப்" என்று விடுபடும் சத்தம் கேட்டால், ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியதில் பேட் டிஸ்க்கோடு ஒட்டியிருக்கிறது. கழுவிய பிறகு ஒரு தெரு சுற்றி வந்து, பிரேக்கைக் காயவைத்து நிறுத்தினால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டியில் சிக்னலில் பெடலை மெல்ல விடும்போது வரும் "க்ர்ர்ர்" என்ற முனகலும் பெரும்பாலும் கோளாறு அல்ல. பேட் டிஸ்க்கைப் பிடித்துப் பிடித்து விடுவதன் சத்தம் அது.

பிரேக் மிதிக்காமலே கீச், மிதித்தால் மாறுகிறது

பேடில் தேய்மானம் காட்டும் சின்னத் தகடு ஒன்று இருக்கும். உராய்வுப் பகுதி 2 முதல் 3 மி.மீ. வரை தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். எனவே முதல் வேலை தடிமனைப் பார்ப்பது. பலரும் ஏமாறும் இடமும் இதுதான். அலாய் வீலின் இடைவெளி வழியாகத் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. அது 6 மி.மீ. இருக்கும்போதே உள்பக்கப் பேட் இரும்பைத் தொட்டிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து இரண்டையும் பாருங்கள். பின்னால் உள்ள இரும்புத் தகட்டை விட்டுவிட்டு உராய்வுப் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். 3 மி.மீ.க்கு வந்திருந்தால் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

உள்பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் இரண்டு ஸ்லைடு பின்களில் ஒன்றோ, பேடின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காதோ மாட்டிக்கொண்டிருக்கும். இப்படித் தேய்ந்த பேடைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது மட்டும் மாட்டினால், புதியதும் அதே மாதிரிதான் தேயும்.

பேட் நன்றாக இருந்து, பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி மெல்லிய தகரச் சத்தம் வந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகட்டைப் பாருங்கள். பொடிக்கல் ஒன்று இடையில் மாட்டியிருக்கும். அல்லது பஞ்சர் போடும்போது யாரோ தகட்டை வளைத்திருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பி விலக்கினால் வேலை முடிந்தது. பெரிய கோளாறு என்று பயந்து வந்தவர்களுக்குக் கிடைக்கும் மலிவான விடுதலை இது.

ஒரு பக்கம் மட்டும் சூடு, வாடை, இழுக்கிற உணர்வு

பின் டிஸ்க்கின் முக்கால்வாசிச் சத்தங்களுக்கு வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. அதனால் இதை விரிவாகவே பார்க்கலாம்.

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு பின் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், டிஸ்க் சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடவில்லை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் தெரியும். லேசான உரசல் இருக்கலாம். ஆனால் தள்ளிவிட்டால் ஒரு சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். பின் சக்கர இழுவை வண்டியில் டிஃபரன்ஷியலும் சேர்ந்து சுற்றும் என்பதால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

முதலில் ஹேண்ட்பிரேக் கேபிள். காலிப்பருக்குப் பின்னால், கேபிள் மாட்டியிருக்கும் சின்ன லீவர் ஒன்று இருக்கும். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கியதும் அது தன் தடுப்பு முட்டில் வந்து உட்கார வேண்டும். உட்காராமல் நின்றால் கையால் தள்ளிப் பாருங்கள். தள்ளினால் போய் உட்கார்கிறதென்றால் கேபிள் உறைக்குள் துருவேறியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கேபிளைக் கழற்றிய பிறகும் லீவர் அசையவில்லையா? காலிப்பருக்குள்ளேயே இறுகிவிட்டது. அது பட்டறை வேலை.

கேபிள் சரியாக இருந்தால் அடுத்து ஸ்லைடு பின்கள். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிக் காலிப்பரைத் தூக்குங்கள். கையோடு அதை ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸின் மேல் அதன் பாரம் விழக் கூடாது. இப்போது பின்களை விரலால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முறுக்கினால்தான் வருகிறது, அல்லது ஒன்று வருகிறது இன்னொன்று வரவில்லை என்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

பின்னை உருவி, பழைய கிரீஸைப் பிரேக் கிளீனராலும் துணியாலும் சுத்தமாகத் துடையுங்கள். துளையின் உள்ளேயும் துடைக்க வேண்டும். பின்னில் பள்ளம் பள்ளமாகத் துரு அரித்திருந்தால் புதுப் பின், புதுப் பூட் (பின்னை மூடும் ரப்பர் உறை) போட்டுவிடுவது நல்லது. சில கார்களில் இரண்டு பின்களும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடவ வேண்டியது பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ். வீட்டில் கிடக்கும் சாதாரண வீல் பேரிங் கிரீஸ் பெட்ரோலிய வகை. ரப்பர் பூட்டை ஊதவைத்துவிடும், கொஞ்ச நாளில் ஸ்லைடு பின் முன்னைவிட மோசமாக இறுகும். அளவும் முக்கியம். மெல்லிய பூச்சு போதும். துளை நிறைய அப்பினால் காற்றும் கிரீஸும் அடைத்துக்கொண்டு பின் உள்ளே இறங்கவே இறங்காது.

அப்புறம் பேடின் காதுகள். பேட் இரண்டு முனைகளிலும் ஒரு தாங்கியில் உட்கார்ந்து நகரும். அந்தப் பள்ளத்தில் மெல்லிய எவர்சில்வர் கிளிப் இருக்கும். கிளிப் துருப்பிடிக்காது, அதற்கு அடியில் இருக்கும் வார்ப்பிரும்புத் தாங்கி துருப்பிடிக்கும். துரு பொங்கிக் கிளிப்பை மேலே தூக்க, பேடின் காது இறுகிப் போகும். மேலிருந்து பார்த்தால் கிளிப் பளபளவென்று இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கிளிப்பைக் கழற்றி, அடியில் கம்பி பிரஷ்ஷாலும் அரத்தாலும் துருவை மட்டும் சுரண்டுங்கள். நல்ல இரும்பைத் தேய்த்துவிட வேண்டாம். கிளிப்பைத் திரும்பப் போட்டுப் பேடை வைத்தால் விரலால் தள்ளியதும் நகர வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உட்காருகிறது என்றால் வேலை இன்னும் முடியவில்லை. பேட் மாற்றும்போது பல பட்டறைகளில் தவறாமல் விட்டுப் போகும் வேலை இது. நேரம் பிடிக்கும், தனியாகக் கூலி கேட்கவும் முடியாது, பாவம்.

மிதிக்கும்போது மட்டும் கூர்மையான கீச்

கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஈர விரலைச் சுற்றினால் பாடுமே, அதே சங்கதி. பேடும் டிஸ்க்கும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிரும்போது இந்தச் சத்தம் வருகிறது. பிரேக் பிடிப்பதில் குறை இருக்காது, காதுதான் கூசும்.

பேடின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் மெருகேறிவிட்டது. சமமான தரையில் 100 நம்பர் அளவிலான எமரி பேப்பரை விரித்து, முகத்தை எட்டு வடிவில் தேய்த்தால் மினுமினுப்பு போகும். டிஸ்க்கின் இரண்டு முகங்களையும் அதே பேப்பரால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். பேடின் முன் பின் விளிம்புகள் கூராக இருந்தால் அரத்தால் லேசாகச் சரித்துவிடலாம். பேடின் முதுகில் ஒட்டியிருக்கும் ஷிம் தகடு அதிர்வை அடக்குவதற்காக இருப்பது. அது கழன்றிருந்தாலோ, மலிவான பேடில் இல்லாமலே வந்திருந்தாலோ சத்தத்துக்கு அதுவே போதும். முதுகில் பிஸ்டனும் காலிப்பர் நகமும் தொடும் இடங்களிலும் காதுகளிலும் பிரேக் கிரீஸ் மெல்லத் தடவலாம். முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

துரு எடுக்கும் ஸ்பிரேயைப் பேடின் மேல் அடித்தால் சத்தம் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெயோ பிரேக் ஆயிலோ ஊறிய பேடைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். அது எங்கிருந்து கசிந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ரிவர்ஸில் மட்டும் கீச் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். பேட் எதிர்த் திசையில் தேய்வதால் வருகிறது.

கரகரவென்று இரும்போடு இரும்பு உரசுகிறது

இதற்குச் சோதனை ஓட்டமெல்லாம் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பேட் முழுசாகத் தீர்ந்து தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது, அல்லது உராய்வுப் பகுதி தகட்டிலிருந்து உரிந்து விழுந்திருக்கிறது. டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தால் தடிமனை அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பல நடுத்தரக் கார்களின் பின் டிஸ்க் புதிதாக 9 அல்லது 10 மி.மீ. இருக்கும், எல்லை 8 மி.மீ. அளவில். லேத்தில் கடைய மிச்சமே இருக்காது என்பதால் பெரும்பாலும் புது டிஸ்க்தான் வழி.

சில கார்களில், குறிப்பாகப் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ போன்றவற்றில், டிஸ்க்கின் குடைவான நடுப்பகுதிக்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்று தனியாகச் சின்ன டிரம் பிரேக் இருக்கும். பேட் புதிதாக இருந்தும் உள்ளேயிருந்து கரகரப்பு வந்தால் அந்த டிரம்முக்குள் இருக்கும் ஷூவின் உராய்வுப் பூச்சு (லைனிங்) உரிந்து சுற்றிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றினால்தான் தெரியும்.

சுற்றுக்கு ஒருமுறை உரசல்

டிஸ்க் நேராகச் சுற்றவில்லை, அல்லது அதன் தடிமன் ஓரிடத்தில் மாறியிருக்கிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதைக் கழற்றி, டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். அங்கே துரு செதில் ஒன்று மாட்டியிருந்தாலே போதும்; டிஸ்க்கின் ஓரத்தில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். பொதுவாக அனுமதிக்கப்படும் ஆட்டமே 0.1 மி.மீ.க்குள்தான். கம்பி பிரஷ்ஷால் ஹப்பையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் பளிச்சென்று தேய்த்து மாட்டிப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பேட் இருந்த இடம் மட்டும் டிஸ்க்கில் அச்சாகப் பதிந்திருக்கும். ஓட்ட ஓட்டச் சிலது தேய்ந்து போகும், சிலது போகாது.

டக், டொக், உம்ம்

மேடு பள்ளத்தில் டக்டக் என்று வந்து, பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றால் பேட் தாங்கிக்குள் ஆடுகிறது. கிளிப்போ பிடிப்புக் கம்பியோ விட்டுப் போயிருக்கும். முன்னே போய்ப் பிரேக், பின்னே போய்ப் பிரேக் என்று திசை மாறும்போது ஒரே ஒரு "டொக்" வந்தால் காலிப்பர் போல்ட்டையும் தாங்கியின் போல்ட்டையும் உடனே பாருங்கள். தளர்ந்த போல்ட்டை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

வேகம் கூடக் கூட ஏறும் "உம்ம்" என்ற ரீங்காரம், பிரேக் மிதித்தாலும் மாறாமல், வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். பிரேக்கை விட்டுவிடலாம்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவது

புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டன் உள்ளே போயாக வேண்டும். முன் காலிப்பரில் செய்வது போல சி-கிளாம்ப் வைத்து இறுக்கினால், ஹேண்ட்பிரேக் சேர்ந்த பின் காலிப்பரின் உள் திருகு கெட்டுவிடும். இந்தப் பிஸ்டனின் முகத்தில் வெட்டுகள் இருக்கும். அதற்கென்ற கருவியால் அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் வலம் சுற்றாக. சுற்றும்போது ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேடின் முதுகில் சின்னக் குமிழ் இருந்தால், அது பிஸ்டனின் வெட்டுக்குள் உட்காரும்படி நிறுத்துங்கள். இதைச் சரிபார்க்காமல் மாட்டினால் பேட் கோணலாக உட்கார்ந்து புதுச் சத்தம் ஒன்று பிறக்கும்.

பிஸ்டன் உள்ளே போகப் போக மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வைக்கவும். வழிந்தால் பெயின்ட் போய்விடும். பிஸ்டன் சுற்ற மறுத்தாலோ, ஓரத்தில் ஈரம் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில், ஸ்கேனர் வழியாகவோ கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பிஸ்டனைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரும் கியரும் காலி.

மாட்டிய பிறகு

போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் கால் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். முதல் சில மிதிகளுக்குப் பெடல் தரைவரை போகும், அந்த நிலையில் கேட்டைத் தாண்டினால் எதிர்வீட்டுச் சுவர்தான் வண்டியை நிறுத்தும். பெடல் கெட்டியான பிறகே ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். கால் பிரேக் இடைவெளியைச் சரிசெய்வதற்கு முன் கேபிளை இறுக்கினால் லீவர் முட்டில் உட்காராமல் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, நிதானமான அழுத்தத்தில் எட்டுப் பத்து முறை குறைத்து வாருங்கள். முழுசாக நிற்க வேண்டாம். நின்றால் சூடான பேட் ஓரிடத்தில் டிஸ்க்கோடு ஒட்டி அச்சு விழும். பிறகு பிரேக் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பின் சக்கரங்களின் சூட்டையும் மறுபடி ஒப்பிடுங்கள். சூடு சமமாக இருந்து லேசான கீச் மட்டும் மிச்சமிருந்தால், பேட் பதிய இருநூறு முந்நூறு கிலோமீட்டர் அவகாசம் கொடுக்கலாம். ஒரு பக்கம் இன்னும் சுட்டால், ஸ்லைடு பின், கிளிப், கேபிள் மூன்றையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. மிச்சம் பிஸ்டனும் ஹோஸும்தான். உள்ளே ஊதி அடைத்த பழைய ஹோஸ், பெடலை விட்ட பிறகும் பிரேக் ஆயிலைத் திரும்ப விடாது. ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்ததும் சக்கரம் சட்டென்று விடுபட்டால், அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது, சந்தேகம் ஹோஸின் மேல். திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பர். நிப்பிளைத் திறந்துவிட்டீர்கள் என்றால், பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.